இரண்டரை மணி ஆட்டம்

கிருஷ்ணகுமாரி அன்றைக்குப் பிரதேச சபைக்குப் போனது உடைந்த பாலத்துக்காக. ரப்பர் தோட்டத்து லயக் குடியிருப்புக்கு ஏறும் பாதையில் இருந்த சின்னப் பாலம் மழையில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மரங்களில் பால் வெட்டும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கையில் கடிதத்தோடு பஸ் ஏறிப் போனாள். சபை வாசலில் இருந்த காவலாளி, "கூட்டத்துக்கா? மேல்மாடி" என்று கையைக் காட்டினான். அவளும் ஏறிப் போய், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

அங்கே பேசியது பாலத்தைப் பற்றி அல்ல, விளையாட்டைப் பற்றி. அடுத்த ஐந்து வருடத்தில் சபை எல்லைக்குள் இருக்கிறவர்களை எப்படி விளையாட வைப்பது, எங்கே மைதானம் போடுவது என்று புதிய சபை ஒரு திட்டம் தயாரித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சிங்களத்தில் நடந்தது. கிருஷ்ணகுமாரிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எழுந்து போய்விடலாமா என்று யோசித்தவள், திரையில் வரைபடத்தைப் பார்த்ததும் அப்படியே இருந்துவிட்டாள். மைதானங்களைச் சிவப்புப் புள்ளியாகக் குறித்திருந்தார்கள். ஆற்றோரக் கிராமங்களில் புள்ளி, கடைவீதியில் புள்ளி, புத்தர் கோயிலான பன்சலைக்குப் பக்கத்தில் புள்ளி. மேலே ரப்பர் மலைகள் இருக்கும் இடம் மட்டும் வெறும் பச்சை. அந்தப் பச்சைக்குள் நான்காயிரம் பேர் குடியிருந்தார்கள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றபோது அவள் எழுந்தாள்.

"மேகே அபி கோ?" என்றாள். இதில் நாங்கள் எங்கே என்று.

தலைவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். தோட்டம் கம்பெனிக் காணி, அங்கே சபை கைவைக்க முடியாது என்றார். முன்வரிசையில் இருந்த உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே திரும்பி, "தோட்டத்துப் பொம்பளைங்க விடிஞ்சா மலை ஏறி இறங்குறாங்க. அவங்களுக்கு எதுக்கம்மா தேகப்பயிற்சி?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

கிருஷ்ணகுமாரிக்கு முகம் சுட்டது. அவளும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள்.

"நான் ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துல பால் வெட்டுறேன் சார். அது எனக்காக ஓடுற ஓட்டம் இல்ல. எங்க லயத்துல நாப்பது வயசுக்கு மேல உள்ள பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு சீனி வியாதி. தோள்பட்டை தூக்க முடியாது. வேலை செஞ்சா ஒடம்பு தேயும் சார், வெளையாடுனாத்தான் தெளியும்."

சிரிப்பு நின்றது. மேசையோரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கூட்டம் முடிந்து, பாலத்துக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு இறங்கியவளைப் படிக்கட்டில் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நில்லுங்க. நான் நுஸ்கா. திட்டப் பிரிவுல வேலை செய்றன். ஒரு வழி இருக்கு."

வழி இதுதான். தோட்டத்துக்குள் ஓர் இடத்தைப் பயன்படுத்த மேனேஜர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அந்த இடத்தில் உண்மையாகவே ஆட்கள் விளையாடுகிறார்கள் என்று நுஸ்கா மூன்று தடவை நேரில் வந்து எண்ணிக் காட்ட வேண்டும். ஒரு தடவையாவது முப்பது பேரைத் தாண்ட வேண்டும். திட்டம் சபையில் வாக்கெடுப்புக்கு வர இன்னும் ஆறு வாரம் இருந்தது.

மறுநாள் காலை, பெரட்டில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுத்து முடித்ததும், கிருஷ்ணகுமாரி மேனேஜர் தொரையின் முன்னால் போய் நின்றாள். மூடிக் கிடக்கும் பழைய ரப்பர்ப் புகைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தட்டைக் காணியைக் கேட்டாள்.

"அதுல நாத்து மேடை போடப் போறோம்" என்றார் தொரை.

"நாலு வருஷமா அப்படித்தான் சொல்றீங்க தொரை. புல்லுதான் வளருது."

"வெளையாடுறப்ப யாராவது கையக் கால ஒடிச்சிக்கிட்டா யாரு பொறுப்பு?"

"போன வருஷம் மலையில வழுக்கி விழுந்து பதினோரு பேருக்கு ஒடிஞ்சிச்சி. அதுக்கு யாரு பொறுப்போ அவங்களே இதுக்கும் இருக்கட்டும்."

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். தொரை ஒரு தாளை எடுத்து, இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பெண்கள் கத்தியும் மண்வெட்டியுமாக இறங்கிப் புல்லை வெட்டினார்கள். இரண்டு மூங்கிலை நட்டு, நாற்று மேடையில் வெயிலுக்குக் கட்டும் பழைய வலையை இழுத்துக் கட்டினார்கள். கிருஷ்ணகுமாரியின் புருஷன் சுதாகரன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். ருவான்வெல்லை கடைவீதியில் ஒரு கரப்பந்து வாங்கி வரச் சொன்னபோது முகத்தைச் சுளித்தான்.

"ஸ்டாண்டுல என்னைத்தான் கேலி பண்றானுங்க குமாரி. ஒம் பொஞ்சாதி ஒலிம்பிக்குக்கா போறான்னு கேக்குறானுங்க."

"போனா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க" என்றாள். பந்து வந்தது.

முதல் எண்ணிக்கைக்கு நுஸ்கா மாலை ஐந்து மணிக்கு வந்தாள். வந்திருந்தது ஒன்பது பேர். அதிலும் நான்கு பேர் அரை மணியில் கழன்றுவிட்டார்கள். புகைக்கூடத்துச் சுவரில் உட்கார்ந்து இளவட்டங்கள் விசிலடித்தார்கள். நுஸ்கா ஒன்பது என்று எழுதி, கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கினாள். கிருஷ்ணகுமாரிக்கு அழுகை வந்தது. புல் வெட்ட வந்த பன்னிரண்டு பேர்கூட வரவில்லையே என்பதுதான் அவளைத் தைத்தது.

மறுநாள் மலையில் பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த மூக்காயியிடம் கேட்டுவிட்டாள். மூக்காயிக்கு ஐம்பத்தாறு வயது. புல் வெட்ட முதலில் இறங்கியவள் அவள்தான்.

"ஏன்க்கா வரல?"

"அஞ்சு மணிக்குத்தானே பைப்புல தண்ணி வருது. பந்து வந்தா என்ன, பவுன் வந்தா என்ன, கொடத்த விட்டுட்டு எவ வருவா?"

"அப்ப எத்தன மணிக்கு வருவீங்க?"

மூக்காயி கத்தியை மரத்திலிருந்து எடுக்காமலே சொன்னாள். "ஸ்டோர்ல பால எடை போட்டுட்டு ரெண்டரைக்கு வெளிய வர்றோம்ல. அப்படியே வந்தா ஒரு மணித்தியாலம் கெடைக்கும். வீட்டுக்குப் போயிட்டா அவ்வளவுதான் புள்ள, அடுப்பு புடிச்சிக்கும்."

கிருஷ்ணகுமாரி அங்கிருந்தே நுஸ்காவுக்குப் போன் எடுத்தாள். நுஸ்கா படிவத்தை எடுத்துப் பார்த்தாள்.

"ஃபாரத்துல அஞ்சுலருந்து ஏழு வரைக்கும் மட்டுந்தான் போட்டிருக்கு அக்கா. அதுக்கு வெளிய எண்ணினா ஏத்துக்குவாங்களோ தெரியாது." பிறகு சொன்னாள்: "பரவாயில்ல. கீழ ஒரு கோடு போட்டுக் கையால எழுதுறன். நீங்க ஆள் சேருங்க."

இரண்டாம் எண்ணிக்கையில் இருபத்தாறு பேர். ஆடத் தெரியாதவர்கள் களத்தைச் சுற்றி நடந்தார்கள். இருபத்திரண்டு வயதுக் கலைச்செல்வி, பள்ளிக்கூடத்தில் ஆடியவள், பந்தை எப்படி ஏந்துவது என்று மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்தாள். மூக்காயி முழங்கால் வலி என்று நடக்கத்தான் வந்தாள். ஒரு தடவை தன் காலடிக்கு வந்த பந்தைக் கீழ்க்கையால் தட்டிவிட்டாள். அது வலையையும் தாண்டி, களத்தையும் தாண்டி, புகைக்கூடத்துக் கூரையில் போய் விழுந்தது. முப்பது வருடம் பால் வாளி சுமந்த கை. அன்றிலிருந்து அவளை யாரும் நடக்க விடவில்லை.

மூன்றாம் எண்ணிக்கை நாளில் விடியற்காலையிலிருந்தே வானம் இருண்டிருந்தது. இரண்டு மணிக்குக் கொட்டத் தொடங்கியது. சப்ரகமுவ மழை, குடை பிடித்தும் பயனில்லை. பஸ்ஸை விட்டிறங்கிய நுஸ்கா, யாரும் இருக்கமாட்டார்கள், தாளில் சைபர் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். வளைவு திரும்பும்போதே இரைச்சல் கேட்டது.

களம் நிறைய ஆட்கள். செம்மண் குழம்பில் வழுக்கி விழுந்து, எழுந்து, தலையில் போட்ட பொலித்தீன் பறக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு கூட்டம் கைகோத்துச் சுற்றி நடந்தது. ஸ்டோரிலிருந்து வந்த பெண்கள் அத்தனை பேரும் மழைக்கு ஒதுங்காமல் நேரே இங்கே வந்திருந்தார்கள். அவிழ்ந்துபோன வலையை மூங்கிலில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது சுதாகரன். ஸ்டாண்டிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான்.

நுஸ்கா தாளைப் பொலித்தீன் பைக்குள் வைத்து எண்ணினாள். சரியா என்று இன்னொரு தடவை எண்ணினாள். பெண்கள் மட்டும் ஐம்பத்துமூன்று. குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு அவளும் களத்துக்குள் இறங்கினாள்.

சபையில் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்த நாளில், பாலை எடை போட்டுக் கொடுத்த கையோடு பதினெட்டுப் பெண்கள் பஸ் ஏறி வந்து பார்வையாளர் வாங்குகளில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குச் சிரித்த அந்த உறுப்பினர்தான் முதலில் எழுந்தார்.

"இந்தத் தோட்டக் கணக்கு இரண்டரை மணிக்கு எடுத்தது. படிவத்தில் அப்படி நேரமே இல்லை. இது செல்லாது."

தலைவர் நுஸ்காவைப் பார்த்தார். நுஸ்கா எழுந்து, "ஒரு கணக்கை மட்டும் வாசிக்க அனுமதி கேட்கிறேன்" என்றாள். "சபைக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு மைதானம் இருக்கிறது. ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் எண்ணினோம். பன்னிரண்டிலும் சேர்த்து வந்த பெண்கள் பத்தொன்பது பேர். தோட்டத்தில் ஒரு காணியில், கொட்டும் மழையில், ஐம்பத்துமூன்று பேர்."

தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் பிழை அவர்களுடைய நேரத்தில் இல்லை, நம்முடைய படிவத்தில்" என்றார். படிவத்தைத் திருத்தவும், எந்த ஊரில் எந்த நேரம் வசதி என்று அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டே எழுதவும், தோட்டங்களில் ஐந்து களங்களைத் திட்டத்தில் சேர்க்கவும் முன்மொழிவு வந்தது. கைகள் உயர்ந்தன. ஆட்சேபித்த உறுப்பினர் சற்றுத் தயங்கி, கடைசியாகத் தன் கையையும் தூக்கினார். வெளியே போகும்போது கிருஷ்ணகுமாரியின் முன்னால் நின்று, "என் மனைவியும் கிராமத்து அணியில் ஆடுவாள். உங்களோடு ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்கச் சொல்லுகிறேன்" என்றார்.

"வரச் சொல்லுங்க சார். ரெண்டரைக்கு" என்றாள் அவள்.

தொரை இரண்டு மாதக் கடிதத்தைக் கிழித்துவிட்டு ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். சபை இரும்புக் கம்பமும் நல்ல வலையும் அனுப்பியது. கோடு போட்ட களத்தில் முதல் ஆட்டத்துக்குக் கிராமத்து அணி சீருடையும் சப்பாத்துமாக வந்து இறங்கியது. தோட்டத்து அணியில் பாதிப் பேர் வெறுங்கால். சுற்றியிருந்த மேடுகளில் லயம் முழுவதும் உட்கார்ந்திருந்தது.

முதல் சுற்றைக் கிராமத்து அணி எடுத்தது. இரண்டாவதைத் தோட்டத்து அணி இழுத்துப் பிடித்து எடுத்தது. மூன்றாவதில் பதினான்குக்குப் பதின்மூன்று என்று தோட்டம் முன்னால், வெற்றிக்கு ஒரு புள்ளியே குறைவாக இருந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து தாழ்வாகச் சீறி வந்தது. கிருஷ்ணகுமாரி விழுந்து அதை மேலே தூக்கிவிட்டாள். கலைச்செல்வி எகிறி அடித்தாள். பந்து கோட்டுக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி விழுந்து தெறித்தது.

மேடு முழுவதும் எழுந்து நின்றது. கலைச்செல்வியை நான்கு பேர் தூக்கிக்கொண்டார்கள். கிராமத்துப் பெண்கள் வலைக்கு அடியால் குனிந்து வந்து கைகொடுத்தார்கள். கிருஷ்ணகுமாரி இன்னும் மண்ணில்தான் கிடந்தாள். முழங்கை உரிந்திருந்தது. எழும்ப மனமில்லாமல், மூச்சு வாங்க வாங்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.