எட்டாவது நிறுத்தம்

கூம்பை வைத்தது மேற்பார்வையாளர்தான். ஆனால் அது வெறும் கூம்புதான் என்று அவள் சத்தம் போட்டுச் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை.

ஏழு பழைய ஆலயங்களை இணைக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் நடைபாதை அவள் பொறுப்பு. எந்தக் கல் தேய்கிறது, எங்கே நெரிசல், எந்தக் கழிப்பறையில் தண்ணீர் நின்றுபோனது, எல்லாம் அவள் தலையில்தான் விடியும். மூன்றாவது ஆலயத்தைத் தாண்டி ஒரு படி விரிசல் விட்டது. கொத்தனார் சுண்ணாம்புச் சாந்து பூசிவிட்டு, "பத்து நாளைக்கு யாரும் மிதிக்கக் கூடாதும்மா" என்றார். அவளும் சாலை வேலைக்கு வைப்பார்களே, அந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்பு, அதில் ஒன்றைப் படியின் நடுவில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

யாத்திரை வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் செய்வதை அப்படியே செய்துவிடுவார்கள். ஒன்று விட்டுப்போனாலும் பலன் பாதியாகிவிடுமோ என்று பயம். முதல் நாள் மூட்டுவலிக்காரர் ஒருவர் கூம்பின் தலையில் கைவைத்து, கண்ணை மூடி மூச்சு வாங்கினார். பின்னால் வந்த நாற்பது பேரும் கைவைத்துக் கண்ணை மூடினார்கள். மறுநாள் ஒருவர் தொலைந்த மூக்குக் கண்ணாடியைத் தேடி அதை மூன்று முறை சுற்றினார். கண்ணாடி கிடைத்துவிட்டது. போதாதா?

பத்தாம் நாள் மேற்பார்வையாளர் போய்ப் பார்த்தபோது கூம்புக்குப் பட்டுத்துணி சுற்றியிருந்தது. எடுக்கக் குனிந்தாள்.

"கை வைக்காதீங்க!" என்று கூட்டம் கத்தியது.

"ஐயோ, இது பிளாஸ்டிக்குங்க. நான்தான் கொண்டுவந்து வெச்சேன்."

"உங்க கையால வரணும்னு இருந்திருக்கு, பாருங்க" என்று ஒரு பெரியம்மா உருகிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள், பாரம்பரியப் பாதை என்ற அங்கீகாரத்தைப் புதுப்பிக்க மதிப்பீட்டுக் குழு வருகிறது. பாதையில் புதிதாக ஒரு வழிபாட்டிடம் முளைத்திருந்தால் அங்கீகாரம் ரத்து. ரத்தானால் அவளுக்குத் தலைமை அலுவலகப் பதிவறைக்கு மாற்றல். அங்கே மேலாளர் அவளுடைய நாத்தனார். வருஷத்துக்கு நாலு நாள் வந்து தங்கும்போதே, இவள் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிற மனுஷி. அவளுக்குக் கீழே வேலை பார்ப்பதைவிட இந்தப் பாதையைத் தினம் முழங்காலில் ஏறலாம்.

"ஒரு சாக்கைப் போட்டு மூடிடலாம்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கொத்தனார்.

காலையில் மூடினார்கள். யாத்திரைக்காரர்கள் சாக்கைப் பார்த்தார்கள். "திரை போட்டிருக்கு. திறக்கிற வரைக்கும் நிப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். குழு வந்து சேர்ந்தபோது இருநூறு பேர் வரிசையில் இருந்தார்கள். குழுத் தலைவி பணிஓய்வு பெற்ற பொறியாளர், கையில் அளவுநாடா இல்லாமல் வெளியே வராதவர். நேராகப் போய்ச் சாக்கை உருவினார். இருநூறு பேரும் கைகூப்பினார்கள்.

"என்னம்மா இது?"

மேற்பார்வையாளர் சாந்திலிருந்து சாக்கு வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பொய் சொல்லத் தெம்பு இல்லை. தலைவி படியை அளந்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி ஆட்கள் சுற்றுவதை எண்ணினார். நான்காவது ஆலயத்துக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் மேற்பார்வையாளர் பதிவறையின் தூசி வாசனையைக்கூடக் கற்பனை செய்து முடித்திருந்தாள்.

"ஆளுக்கு அஞ்சு நிமிஷம் இங்க நிக்கறாங்க. அதனால மேல நெரிசலே இல்ல. கோயிலுக்குள்ள முண்டியடிச்சுக் கல்லை யாரும் உரசல. ஆறு வருஷமா அறிக்கை எழுதி எழுதி எங்களால முடியாதது" என்றார் தலைவி. "முறைப்படி எட்டாவது நிறுத்தம்னு சேர்த்துக்கறோம். அங்கீகாரம் தொடரும்."

மேற்பார்வையாளருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கொத்தனார் தானே எல்லாம் செய்ததுபோல நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆனா புது நிறுத்தம்னா வரலாறு பதிவாகணும். பதிவறை மேலாளரை இங்க அனுப்பறோம். ஒரு வருஷம் இருப்பாங்க. உங்க சொந்தக்காரங்கதானாமே? தங்கறதுக்கு உங்க வீடே இருக்குன்னு அவங்களே போன்ல சொல்லிட்டாங்க."

குழு கிளம்பிப் போனது. மேற்பார்வையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு உள்ளே புகுந்து, கூம்பைச் சுற்ற ஆரம்பித்தாள். மூன்றோடு நிற்கவில்லை.

"என்னம்மா, பிளாஸ்டிக்குன்னு சொன்னீங்க?" என்றார் கொத்தனார்.

"சும்மா இருங்க. எண்ணிக்கை விட்டுப்போயிடும்."