மேட்டில் விட்டுவந்த மாமியார்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. என் அம்மாவும் அண்ணியும் ஒரே ஞாயிற்றுக்கிழமையை இரண்டு விதமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை, நிஜமாக நடந்த ஒன்றைக் கதையாக எழுதி வரச் சொல்லியிருந்தார். நடந்தது கையில் இருக்கிறது, எழுதுவதுதானே பாக்கி என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் பாக்கி எவ்வளவு என்று தெரிந்தது.

கதைக்குள் அம்மாவை 'மாமியார்' என்பேன். அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஆகவே அவர் 'ஓட்டுநர்'. கதைக்குள் அண்ணியை 'அவள்' என்றும் எழுதுவேன். வீட்டில் அப்படிச் சொன்னால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழையில் இரண்டு பெண்கள், ஒரே சைக்கிளில், வாழ்க்கையை நோக்கி—"

(ஆசிரியை 'வாழ்க்கையை' என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். அதற்கு மேல் எனக்கும் அந்தப் பெண்களுடன் போகத் தைரியமில்லை.)

இரண்டாவது: "டாண்டம் என்பது முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகளும் இரண்டு ஜோடி பெடல்களும் கொண்ட—"

(இது கடையில் இலவசமாகக் கொடுக்கும் துண்டுத்தாள்.)

மூன்றாவது: "மாமியாரும் மருமகளும் ஒரே சைக்கிளில் போனால் பிரேக் யார் கையில்?"

இதை வைத்துக்கொள்கிறேன். பிரேக் முன்னால் இருப்பவர் கையில். ஹேண்டில்பாரைத் திருப்புவதும் அவர்தான். பின்னால் இருப்பவர் மிதிக்கலாம், குறை சொல்லலாம். எதிரே தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து மாமியார் ஞாயிறுதோறும் மருமகளின் முதுகைப் பார்த்தபடி வெயிலிலும் பனியிலும் மழையிலும் ஊர் ஊராகப் போய் வருகிறார். அதற்கு முன்பு, "காப்பி போடவா?", "வேண்டாம்மா" என்பதோடு அவர்களுடைய பேச்சு முடிந்துவிடும். சண்டை ஒன்றுமில்லை. இரண்டு பேருக்குமே கூச்சம்.

3

இப்போது சிக்கல் வர வேண்டும்.

இரண்டு நாள் ஓடும் நெடுந்தூர சைக்கிள் பயணம் ஒன்றில் ஓட்டுநருக்கு இடம் கிடைத்தது. தனி சைக்கிளில்தான் போக வேண்டும், டாண்டத்துக்கு அனுமதியில்லை. பழகுவதற்குக் கோடைவரை எல்லா ஞாயிறும் வேண்டும். எல்லா ஞாயிறும் என்றால் மாமியாரின் எல்லா ஞாயிறும். அதை எப்படிச் சொல்வது? சொன்னால் பழையபடி காப்பி போடவா, வேண்டாம்மா என்று ஆகிவிட்டால்?

(ஒரு கதைக்கு இது போதுமா என்று எனக்குச் சந்தேகம். யாரும் சாகவில்லை, எவர் வீடும் பறிபோகவில்லை. ஆனால் அந்த வாரம் அண்ணி ஏதோ யோசனையில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் பேருந்தை ஓட்டிவிட்டாராம். அதைக் கேட்டதும் போதும் என்று முடிவு செய்தேன்.)

4

ஞாயிறு. ஏற்றம்.

"அத்தை, மிதிக்கிறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?"

"உன் முதுகுல என்னடி வேடிக்கை இருக்கு? நான் அழுத்துறதாலதான் நீ மேல ஏறுற. இல்லன்னா இந்நேரம் பின்னால உருண்டிருப்ப."

மேட்டு உச்சியில் தூறல் பிடித்தது. நின்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

"ஏறியாச்சா அத்தை?"

"ஆச்சு, ஆச்சு."

ஏறியது உண்மைதான். ஏறிய பிறகுதான் மாமியார் தன் கையுறை ஒன்று சாலையில் கிடப்பதைப் பார்த்து மறுபடி இறங்கினார். ஓட்டுநர் மழைக்கோட்டுத் தொப்பியின் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த இறக்கத்தில் சொல்லிவிட வேண்டும், முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்பதைத் தவிர அவள் மண்டையில் வேறொன்றும் இல்லை. பிரேக்கை விட்டாள். பின்காற்று தள்ளியது. வண்டி பறந்தது.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

பதில் இல்லை. சொன்னாள். பயணம், பயிற்சி, ஞாயிறு, எல்லாவற்றையும். பதில் இல்லை.

"இப்படிப் பேசாம இருந்தா எப்படி அத்தை? நான் என்ன உங்களை விட்டுட்டா போறேன்?"*

* பின்னால் ஆள் இல்லாதது ஓட்டுபவருக்குத் தெரியாதா என்று வகுப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஓடும்போதே இறங்கச் சொல்லிச் சோதித்தேன். உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அண்ணன் மூட்டை மாதிரி, அம்மா மடக்கிய குடை மாதிரி. இறக்கமும் பின்காற்றும் வேறு. சோதனை செல்லாது என்று தள்ளிவிட்டேன்.

பின்னாலிருந்து ஹாரன் சத்தம். ஒரு பேருந்து அவளைத் தாண்டிப் போனது. கடைசி ஜன்னலில் ஒரு கை ஆடியது. கையில் கையுறை. அதற்குப் பின்னால் மாமியார்.

5

அடுத்த நிறுத்தத்தில் மாமியார் இறங்கி நின்றார். பேருந்து முழுக்கச் சிரிப்பு.

"ஒரு பயணியை விட்டுட்டு வந்தாலே டிப்போவுல பேயாட்டம் ஆடுவாங்கன்னு சொல்வியே. மாமியாரை விட்டுட்டு வந்தா?"

"அத்தை, சத்தியமா நான்—"

"யாரும்மா அது, தனியா கையை ஆட்டிப் பேசிட்டுப் போறதுன்னு டிரைவர் கேக்குறாரு. என் மருமகதான்னு சொல்லவே யோசனையா இருந்துச்சு. அப்படி என்னதான் பேசிட்டு வந்த?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அத்தனை கை? சரி, நகரு. நான் முன்னாடி. இதுதான் உனக்குத் தண்டனை."

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி அடித்தேன்.

(அ) இருவரும் மழையில் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஜலதோஷம் பிடிக்கும்.)

(ஆ) "எனக்கு எப்பவோ தெரியும்" என்கிறார் மாமியார். (கதைகளில் வரும் மாமியார்களுக்கு எல்லாம் எப்போதோ தெரிந்திருக்கிறது. என் அம்மாவுக்கு அன்று ஒன்றுமே தெரியாது.)

6

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

மாமியார் முதன்முறையாக முன்னால் உட்கார்ந்தார். சைக்கிள் சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

"பிரேக் எதுடி? இதுவா, அதுவா?"

"ரெண்டுமே பிரேக்தான் அத்தை! எதையாவது பிடிங்க!"

"பிடிச்சா நின்னுடுமே!"

கத்தி, சிரித்து, ஒருவழியாக வண்டி நேரானது. காற்று இன்னும் பின்னாலிருந்துதான் வீசியது. பின் இருக்கையில் பேசுவது ஒரு சொல் சிந்தாமல் முன்னால் இருப்பவர் காதில் விழும். இந்தத் தடவை ஆள் இருக்கிறார். முதுகு கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டுநர் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

டாண்டத்தில் இருவரின் பெடல்களும் சங்கிலியால் பிணைந்தவை. ஒருவர் கால் நின்றால் மற்றவர் காலும் நிற்கும். அவள் சொல்லி முடித்ததும் பெடல் நின்றது. நிறுத்தியது அவள் இல்லை. நான்கு கால்களும் அசையாமல், இரண்டு பக்கமும் தண்ணீர் தெறிக்க, வண்டி தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு என்ன ஆச்சு என்று அம்மாவிடம் கேட்டேன். "பிறகென்ன, நான்தான் மிதிச்சேன்" என்றார். "ஐயோ, முதல்ல மிதிச்சது நான்!" என்றார் அண்ணி. அதற்கே அரைமணி நேரம் வாக்குவாதம்.

"அதுக்கு முன்னாடி என்னம்மா பதில் சொன்ன?"

"நீதானே கதை எழுதுற? எழுதிக்கோ" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

என்னால் எழுத முடியவில்லை. அம்மாவின் வாயில் நான் வைத்த ஒவ்வொரு வாக்கியமும் என் குரலில் இருக்கிறது. ஆகவே வண்டி உருளும்போதே கதையை உங்களிடம் விடுகிறேன். முன் இருக்கை காலியாக இருக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இறக்கம் முடியப் போகிறது. ஏதாவது சொல்லுங்கள்.