சொல்லாம வந்த ஜீப்பு

ராசிபுரம் பக்கம் தெய்வநாயகி தோட்டத்துக் கெணத்துத் தண்ணிய மாடு கூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குமுங்க. மேக்கால ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுக்காரங்க, குச்சிக்கெழங்கு கழுவுன தண்ணிய அப்படியே ஓடையில உட்டுருவாங்க. புளிச்ச நாத்தம் கெணத்துக்குள்ளயே எறங்கிருச்சு.

சேலம் அஸ்தம்பட்டியில கிருத்திகான்னு ஒரு வக்கீலு. அந்தப் புள்ள தனியாளில்லீங்க. நாமக்கல்லு, ஈரோடு, மெட்ராஸுன்னு ஊருக்கு ரெண்டு வக்கீலுங்க சேந்து ஒரு குரூப்பு வெச்சிருந்தாங்க. ஒருத்தரு மனு எழுதுவாரு, இன்னொருத்தரு தண்ணிய லேபுக்கு அனுப்புவாரு, மெட்ராஸுக்காரரு பசுமைத் தீர்ப்பாயத்துல பேசுவாரு. தெய்வநாயகி மெட்ராஸையே பாத்ததில்ல, ஆனா அவ கேஸு அங்க நடந்துச்சு.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிங்க மூணு தடவ மில்லப் பாக்க வந்தாங்க. மனு குடுத்தவ கூட இருக்கோணுமல்ல, அதனால மொத நாளே அவளுக்குச் சொல்லீருவாங்க. மூணு தடவையும் ஓடை காஞ்சு கெடந்துச்சு. மில்லுக்குள்ள சுத்திகரிக்கிற தொட்டி கல்யாண ஊடு மாதிரி பளபளன்னு இருந்துச்சு.

"இன்னொருக்கா இப்படின்னா கேஸே போயிருமுங்கக்கா"ன்னு கிருத்திகா சொல்லிப்போட்டா. அன்னிக்கு, லாரி வெச்சிருக்குற தம்பி குணசீலனோட பைக்குல பின்னால உக்காந்து பஸ்டாண்டு வரைக்கும் அழுதா தெய்வநாயகி. "உடுக்கா, நா இருக்கறன்"ன்னான் அவன். அவங்கிட்டச் சொல்லாத சேதி அவளுக்கு ஒண்ணுமில்ல.

நாலாவது தடவ யாருமே சொல்லலீங்க. ஒரு செவ்வாக்கெழம காலைல ஆட்டுக்குத் தழ ஒடிச்சிட்டிருந்தா. கிருத்திகா போன் பண்ணி, "மில்லுக்கு வாங்கக்கா, அதிகாரிங்க ஜீப்பு உள்ள நிக்குது"ன்னா.

ஓடிப் பாத்தா, பெரிய கொழாயில தண்ணி ஓடைக்குக் கொட்டீட்டிருக்குது. அதிகாரிங்க பாட்டில்ல புடிச்சு சீல் வெக்கறாங்க. கெழங்கு லோடு வரிசையில மொத லாரி குணசீலனோடது.

மேனேஜர் ராசப்பன் அவளக் கவனிக்கல. "ஏனுங்க குணசீலா, எப்பவும் போல நேத்தே ஒரு போன் போட்டிருக்கலாமல்ல?"ன்னாரு.

"எனக்கே தெரியாதுங்க"ன்னவன், அப்பறந்தான் அக்காளப் பாத்தான்.

"மூணு தடவையும் நீதானா?"

"என்ற லோட மொதல்ல எறக்குவாங்கக்கா. இல்லீன்னா கெழங்கு லாரியிலயே அழுவிப் போயிரும்."

"என்ற கெணறு அழுவுனது உன்ற மூக்குக்கு ஏறலயா?"

அவ கிருத்திகா பக்கம் திரும்புனா. "எனக்காச்சும் சொல்லீருக்கலாமே கண்ணு."

"நாமக்கல்லுல இதே மாதிரி சேதி முன்னாலயே போயி ஒரு கேஸு கெட்டுப் போச்சுங்கக்கா. அதனாலதான், சொல்லாம போய்ப் பாக்கச் சொல்லி உத்தரவு வாங்குனோம். மொத நாளே சொன்னது உங்களுக்கு மட்டுந்தான், அதனால சேதி உங்க ஊட்டுல இருந்துதான் போவுதுன்னு தெரிஞ்சுது. நீங்களா இருக்குமோன்னு கூட ரெண்டு பேரு குரூப்புல கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

கிருத்திகா சீல் வெச்ச பாட்டிலையே பாத்துட்டு நின்னா.

அதிகாரி காயிதத்த நீட்டுனாரு, தண்ணி உட்டதப் பாத்தேன்னு சாட்சிக் கையெழுத்து. தெய்வநாயகி போட்டா. "இன்னொருத்தரு வேணுமுங்களே"ன்னாரு.

"அதா நிக்கறான் என்ற தம்பி. அவனுந்தான் பாத்தான்." காயிதத்தையும் பேனாவையும் அவளே கொண்டு போயி நீட்டுனா. "போடு."

குணசீலன் ராசப்பனப் பாத்தான், அக்காளப் பாத்தான். அப்பறம் போட்டான்.

மத்தியானத்துக்குள்ள கொழாய அடச்சு சீல் வெச்சாச்சு. அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கலாம் வாங்கன்னு கிருத்திகாவும் அவ குரூப்பு வக்கீலுங்களும் கூப்புட்டாங்க. அவ போவல.