முதுகில் பட்ட கை

ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர், வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். பார்வை நேரத்தில் மற்றக் கட்டில்களை உறவுக்கூட்டம் மொய்க்கும்போது, இவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பார்.

எதற்கும் யாரையும் கூப்பிட மாட்டார். டாக்டர் வருவார், எக்ஸ்ரேயைப் பார்ப்பார், "ரொம்ப நல்லாருக்கு" என்பார், போய்விடுவார். தங்கமான ஆள் என்று வார்டில் பேர்.

லீவு முடிந்து வந்த ஹெட் சிஸ்டருக்கு அந்தத் தங்கம்தான் உறுத்தியது. நேரே வந்து அவரைப் பக்கவாட்டில் திருப்பினாள். முதுகுக்குக் கீழே தோல் சிவந்து உரிந்திருந்தது.

"எரியலையா ஐயா?"

"எரியுதும்மா."

"வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"உங்களுக்கு ஆயிரம் வேலை..."

"அந்த ஆயிரத்துல நீங்க ஒண்ணு இல்லையா?"

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். புண்ணைச் சுற்றி அவள் கை பட்டதும் அவர் உடம்பு குலுங்கியது.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையசைத்தார். அந்த முதுகை வேறொரு மனிதக் கை தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அவள் கையை உடனே எடுக்கவில்லை.

அதன்பிறகு கூப்பிடாமலே நர்ஸுகள் வந்தார்கள். இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்க வைத்தார்கள், உட்கார வைத்தார்கள், வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். புண் காய்ந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

"இன்னும் எரியுது சிஸ்டர்" என்றார் இவர்.

அவள் பார்த்தாள். "நல்லா ஆறிடுச்சே ஐயா."

"தெரியும்."

"வீட்ல யாரு இருக்கா?"

"நாலு பேர். நாலு சுவரு."

அவள் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு வந்து பாக்குற நர்ஸ் ஒருத்தி இருக்கா. அனுப்புறேன். இந்தக் கட்டில் காலியாகணும்னு வெளியில ஒரு நோயாளி காத்துக்கிட்டிருக்கார்" என்றாள். அவரால் மறுக்க முடியவில்லை.

வீடு பூட்டிக் கிடந்த வாடையோடு வரவேற்றது. சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

வழக்கமான 'நல்லாருக்கேன்' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். "தனியா இருக்க முடியலம்மா."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இருவருமே போனை வைக்கவில்லை. இருட்டிவிட்டது. எழுந்து விளக்குப் போட ஆளில்லாத அறையில், மகள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.