கம்பியோட நிழல்

நீ தூங்கியிருந்தா இந்த வாய்ஸ் மெசேஜைக் காலைல கேளு. வேற யாருக்கும் அனுப்பிடாதே. சத்தமா பேச முடியல, பக்கத்து ரூம்ல அப்பா படுத்திருக்கார்.

எங்கப்பா ரயிலும் ஃபாக்டரியும் தவிர எதையும் வரைஞ்சதில்ல. முப்பது வருஷமா இஞ்சின், புகைக்கூண்டு, கரிக்குவியல். கண்காட்சிக்காரங்க, "வீட்ல மாட்டுற மாதிரி எதாவது வரைங்க சார்"னு திருப்பி அனுப்பிடுவாங்க. ரயில்வே காலண்டர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இஞ்சின் ஷெட்ல அவருக்குப் பேரே 'ஆணி'. இஞ்சின்ல எத்தனை ஆணியோ அத்தனையும் படத்துல இருக்கும். "ஒண்ணு விட்டாலும் அது வேற இஞ்சின்"பார்.

படம் முடிஞ்சா என்னை முன்னாடி நிக்க வச்சு, "தப்பு கண்டுபிடி பாப்பா"ம்பார். சின்ன வயசுலேர்ந்து அதான் என் வேலை.

ரெண்டு மாசம் முன்னாடி ஷெட்ல உக்காந்து ஒரு இஞ்சினை வரைஞ்சார். அன்னிக்கு மத்தியானம் அதை ஓட்டிட்டுப் போனது எங்க சித்தப்பா. பிரேக் பிடிக்கல. நின்னுட்டிருந்த கூட்ஸ்ல போய் மோதி இஞ்சின் அப்பளமா நொறுங்கிடுச்சு. சித்தப்பாவுக்கு ஒரு கால் போச்சு. கூட இருந்த உதவியாளர் செத்துட்டார்.

பிரேக் குழாய்ல விரிசல், கம்பி சுத்தித்தான் அனுப்பினாங்கன்னு சித்தப்பா சொல்றார். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, இவர்தான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினார்னு ஷெட்ல சொல்றாங்க. விசாரணைக்கு வந்தவங்ககிட்ட சித்தப்பா கட்டில்ல படுத்துக்கிட்டே சிரிச்சாராம். "எங்கண்ணன் படத்தைப் பாருங்கய்யா. ஆணியவே விடாத மனுஷன், கம்பிய விடுவாரா?"

நாளைக்குப் பத்து மணிக்கு வந்து படத்தை எடுத்துட்டுப் போறாங்க.

போன வாரம் ஷெட் அதிகாரி வீட்டுக்கு வந்தார். புது ஆபீஸ் வாசல் சுவர் முழுக்க அப்பாதான் வரையணுமாம். "கீழ உங்க பேரு சார், பெருசா." கிளம்புறப்ப படத்தைக் குனிஞ்சு பார்த்துட்டு, "இந்தக் கம்பிதான் கண்ணை உறுத்துது"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

இன்னிக்கு சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "தப்பு கண்டுபிடி பாப்பா."

நானும் பழக்க தோஷத்துல பார்த்தேன். "குழாய்க்குக் கீழ ஒரு நிழல் கிடக்குப்பா. எதோட நிழல்னே தெரியல."

பிரஷை எடுத்து அதையும் மூடிட்டார். கம்பிய இன்னிக்கு ஏற்கெனவே மூடியிருக்கார்னு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

"அப்பா, சித்தப்பா..."

"உங்க சித்தப்பனுக்குக் கால் முளைச்சுடுமா? முப்பது வருஷம் என் படத்தை எவன் பார்த்தான்? தேதி பார்த்தானுங்க."

நான் என்ன பண்ணேன் தெரியுமா? அடியில இருக்குறது காஞ்ச பெயிண்ட், மேல பூசினது ஈரம். டர்பன்டைன் நனைச்ச துணியால தொட்டா மேல இருக்குறது மட்டும் வந்துடும். அப்பா சொல்லிக்கொடுத்ததுதான். அவர் தூங்கினதும் போய்த் துடைச்சேன். கம்பி வந்துடுச்சு, நிழலும் வந்துடுச்சு. நுனியில துரு கூட வச்சிருக்கார். எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கார்.

அஞ்சு மணிக்கு எழுந்தார்னா, திரும்ப மூட அவருக்குப் பத்து நிமிஷம் போதும். கறுப்பு, பழுப்பு ட்யூபெல்லாம் என் ஸ்கூல் பையில ஒளிச்சு வச்சிருக்கேன். கை நாறுது, ரெண்டு தடவை சோப்பு போட்டும் போகல. சித்தப்பாவுக்காக அப்பாவைக் காட்டிக் கொடுத்துட்டேனா?

இரு. லைட் போடுறார்.

"பாப்பா."

"என்னப்பா?"

"டர்பன்டைன் பாட்டிலை மூடாம வச்சது யாரு?"

"... நான்தாம்பா."

வரார். வச்சிடுறேன்.