ஐந்து மணிப் பாட்டு

கனாயேவின் அண்ணன், பாடகன் ஷூஹெய், ஊருக்கு வந்து சேர இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குள் அவன் பாட்டுக்கு அப்பா சரி என்று சொல்ல வேண்டும். மறுத்தால் அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வீட்டை விட்டுப் போன பதினேழு வருடமாக அவன் போனில் கேட்பது ஒன்றுதான்: "அப்பா இன்னும் கோவமாத்தான் இருக்காரா?" கனாயேவுக்கும் தெரியாது. ரேடியோவில், தான் ஓடிப்போன கதையை அண்ணன் பாடிய அந்தப் பாட்டு வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி, அந்த ஜப்பானியக் கடலோர ஊரின் ஒலிபெருக்கிகளில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு மெட்டு ஒலிக்கும். இனி அது ஷூஹெய்யின் பாட்டாக இருக்கட்டும் என்று நகர அலுவலகம் நினைத்தது. அங்கே வேலை பார்க்கும் கனாயேதான் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டத்தை ஏற்பாடு செய்திருந்தாள்.

"வீட்டை விட்டு ஓடற பாட்டைப் போட்டு வீட்டுக்குக் கூப்பிடுவீங்களா?" என்றாள் மீன்கடை ஒய்காவா அம்மா.

"மெட்டு மட்டும்தான் அம்மா, வார்த்தை வராது," என்றாள் கனாயே.

"மெட்டு வந்தா வார்த்தை தானா வந்துடும். என் பேரனுக்கு வாய்ப்பாடு தெரியாது, இது தலைகீழாத் தெரியும்."

பாட்டில் ஒரு பையன், குறட்டை விடும் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை உருவிக்கொண்டு விடிவதற்குள் ஓடிப்போகிறான்.

"அதை அப்படியே எடுத்துக்கக் கூடாது," என்றார் பள்ளி ஆசிரியர் மகாபே. "சாவின்னா விடுதலை. தூங்கற அப்பாங்கறது இந்த ஊர்."

"ஊர் தூங்குதா? மூணு மணிக்குப் படகு எடுக்கறவங்க நாங்க. நீங்க எப்போ எழுந்திருப்பீங்க வாத்தியாரே?" என்றார் ஒரு மீனவர்.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் கடைசி நாற்காலியைப் பார்த்தார்கள். கடற்பாசி வெட்டிக் காய்ப்பேறிய கைகளை மடியில் வைத்து அப்பா தோகுஜி உட்கார்ந்திருந்தார்.

"சாவியைப் பறிகொடுத்தவர் நீங்கதான், தோகுஜி அண்ணே. நீங்க சொல்லுங்க," என்றாள் ஒய்காவா அம்மா.

கனாயே அப்பாவின் காதுகளைப் பார்த்தாள். கோபம் வந்தால் முதலில் அவைதான் சிவக்கும். சிவக்கவில்லை.

"பாட்டை வைங்க. ஆனா அதுல ஒரு தப்பு இருக்கு," என்றார் அவர். "சொன்னா பாட்டு கெட்டுடும்னு இத்தனை நாள் வாயைத் திறக்கல. ரேடியோவுல வந்தா சிரிப்பு வந்துடும், வெளிய போயிடுவேன்."

"என்னப்பா தப்பு?"

"அந்தக் குறட்டை பொய். சட்டைப் பை எனக்கு அடியில மாட்டிக்கிச்சு. புள்ள இழுத்து இழுத்துப் பாக்கறான், வரல. லாரியில ஸ்டேஷன் போனாத்தான் ரயிலைப் பிடிக்கலாம், நேரம் வேற ஆச்சு. பாவமா இருந்துச்சு. நான்தான் புரண்டு படுத்தேன்."