வாய் திறந்த தீவு

...ஒருத்தரும் பேசவில்லை என்றால் அந்த யோசனை செத்தது என்றுதானே அர்த்தம், எம்.ரெட்டியபட்டி ஊர்க்கூட்டத்தில் கருத்தப்பாண்டி கண்டது அதுதான், கோயில் வரியைக் கூட்டலாமா என்று கேட்டால் அத்தனை பேரும் வேப்பமரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், சோலி முடிந்தது... ஜெனிவாவில் உலக நாடுகளின் ஆபீஸ் ஒன்றில் வேலைபார்க்கும் மகள் பாண்டீஸ்வரி, செலவைக் குறைக்க எங்கள் பிரிவையே கலைக்கிறார்கள், எல்லா நாட்டுக்கும் தீர்மானம் போயிருக்கிறது, ஒரு நாடும் பதில் பேசவில்லை என்று காலையில் அழுதாளே, அப்படியானால் தீர்மானம் செத்ததுதானே என்று இவர் சந்தோசத்தில் அருப்புக்கோட்டைக்கே பஸ் ஏறிப் போய் காராச்சேவு வாங்கி, திரும்பும் ஷேர் ஆட்டோவில் உலகத்துக்கே விருந்து வைக்கிறவர் மாதிரி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் மறுபடி போன். "எப்பா, இங்க பேசாம இருந்தா சம்மதம்னு கணக்கு. இன்னும் அரைமணி நேரத்துல யாரும் மறுக்கலைன்னா எனக்கு வேலை இல்ல." அள்ளிய கைச்சேவு மறுபடி பொட்டலத்துக்குள்ளேயே போனது. வேலை போனால் விசா போகும், பேத்தியின் படிப்பு பாதியில் நிற்கும், இதென்ன கூத்து, பேசாத வாய்க்குப் போய் யாராவது அர்த்தம் வைப்பார்களா என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்... எதிரே இருந்த வெள்ளைத்தாய் வாயில் சேவோடு, "ஏன் மாமா, எங்க வீட்டுக்காரரு பேசாம இருந்தா நானும் அப்படித்தான எடுத்துக்கிறேன். புது நகைகூட அப்படி வாங்குனதுதான்" என்கிறாள், ஆட்டோவே சிரிக்கிறது, இவர் மட்டும் பொட்டலத்தை மடித்துக் கட்டுகிறார்.

பந்தல்குடி ரோட்டில் லாரிக்கு ஒதுங்கியபோது மூன்றாவது போன். ஒரு நாடு மறுத்துவிட்டதாம்! பேர் வாயில் நுழையவில்லை, ஏதோ தீவு, நம்ம கண்மாய் அளவுகூட இருக்காது, தூக்கத்தில் புரண்டு படுத்தால் கடலில்தான் விழவேண்டும், அந்த மகராசன் எத்தனை வல்லரசு முறைத்திருந்தாலும் வாயைத் திறந்திருக்கிறானே, அவனுக்கு ஒரு லாரி சேவு அனுப்பலாம், கிடா வெட்டலாம், பேத்தியின் பிள்ளைக்கு அவன் பேரையே வைக்கலாம்... "நமக்காகவாம்மா சொன்னாக?" "இல்லப்பா. தீர்மானத்துல வேற ஒரு வரி இருக்கு, கடல் விசயம், அது அவுகளுக்குப் பிடிக்கல. அதுல மொத்தத் தீர்மானமும் நின்னுபோச்சு. இப்போதைக்குத் தப்பிச்சோம்." அப்படியானால் பாண்டீஸ்வரி என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாதா, தெரியாமல் காப்பாற்றியவனுக்குக் கும்பிடு போட்டால் போய்ச் சேருமா... சேராவிட்டால் நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கும் இதை என்ன செய்வது? டிரைவர் ராஜபாண்டியின் தோளைத் தட்டிக் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"இப்படிப் போனா தூத்துக்குடிக் கடலு, அப்படிப் போனா ராமேஸ்வரம் கடலு. ஒங்களுக்கு எது வேணும்?"

கூப்பிய கையோடு கருத்தப்பாண்டி இரண்டு பக்கமும் பார்த்தார்.